ஸ்டெல்லா எழுதிய நான்கு வரிகள்

மகன்,

உன் துண்டுப்பிரசுரத்தின் மாதிரி என் கைக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. "நல்லா இருக்கு மகன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டு வைத்தேன். அது பொய். முக்கால்வாசி நன்றாகத்தான் இருந்தது. நீயும் இர்பானும் சமிந்தவும் கம்பனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆலோசனைத் தொழில் தொடங்குவது, நுரைச்சோலையிலிருந்து எத்தாளை வரைக்கும் தோட்டக்காரர்களின் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து எதை நடலாம் எதை நடக்கூடாது என்று சொல்வது, யாருடைய உரத்தையும் மருந்தையும் விற்காமல் இருப்பது, எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் என் படம் இருந்தது. அதன் கீழே நீ எழுதியிருந்தாய்: எங்கள் ஒவ்வோர் அறிக்கையையும் இன்னொருவர் வாசித்துத் திருத்திய பிறகே வெளியே அனுப்புவோம், இந்த முறையை எங்களுக்குத் தந்தவர் என் உம்மா, புத்தளத்தில் தனித்து ஆலோசனைத் தொழில் செய்த முதல் பெண்களில் ஒருவர், நேர்மைக்குப் பெயர் எடுத்தவர்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டாய் என்றால் போய் நிறுத்து. வெட்கத்தால் வரும் அடக்கம் என்று நினைத்துச் சிரிக்காதே. வெட்கம்தான், ஆனால் நீ நினைக்கும் வெட்கம் இல்லை. கிணறுகளைச் சோதிக்கும் உங்கள் முதல் பெரிய வேலையை நம் பக்கத்து அலுவலகம் ஒன்றிடம் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள். அங்கே என் பெயருக்கு மதிப்பு இருக்கும், அது உங்களுக்கு உதவும் என்று நீ நம்புகிறாய். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாமல் நீ அதன்மேல் தொழிலைக் கட்டக்கூடாது. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. இர்பான் வாசிக்கட்டும். சமிந்தவுக்கு நீ சிங்களத்தில் வாசித்துச் சொல். கூட்டாளிகளை நம்பித் தனித் தொழில் தொடங்கும் பிள்ளைகள் வேறு யார் கையில் கிடைத்தாலும் வாசிக்கட்டும்.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கரைக்குக் குளிரூட்டிய வான்களில் ஆலோசகர்கள் வந்து இறங்கிய காலம் உனக்கு ஞாபகம் இருக்காது. நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். வெயிலில் வீடு வீடாகப் போய்க் கேட்பது நாங்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாள் நிற்பார்கள், இறால் சாப்பிடுவார்கள், நாங்கள் குறிப்பெழுதிய கொப்பிகளை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் ஓர் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். மூன்றாம் பக்கம் வந்தபோதுதான் புரிந்தது, நான் தமிழில் எழுதிக்கொடுத்த குறிப்புகளைத்தான் நான் திரும்பத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முன்னட்டையில் எங்கள் மண்ணை மிதித்தே இராத ஒருவருடைய பெயர். எங்கள் துன்பம் எங்களுடையது, அதை எழுதும் உரிமை மட்டும் வேறு யாருக்கோ. அடுத்த மாதம் வேலையை விட்டேன். அந்தக் கோபம் பொய் இல்லை, மகன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படவில்லை.

வேலையை விட்டது சுலபம். தனியாளாக நிற்பதுதான் கஷ்டம் என்று முதல் கிழமையிலேயே தெரிந்தது. உன் வாப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிள் கடைதான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதிகாரிகள் என் கேள்விக்கான பதிலை அவரைப் பார்த்துச் சொல்வார்கள். அவர் பாவம், கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் பிழை கண்டுபிடித்தார்கள், தமிழில் எழுதினால் திறந்தே பார்க்கவில்லை. ஊருக்குள் வந்தால் வேறு கதை. உப்பளப் பக்கத்துக் குடியேற்றத்தில் ஹாஜரா மாமி இருந்தா. தொண்ணூறில், யுத்த நேரம், இயக்கக்காரர் எங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் மன்னாரிலிருந்து விரட்டியபோது பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்த எனக்குத் தன் பங்கு பாண் துண்டைப் பிய்த்துத் தந்தவ. அவ எல்லார் முன்னாலும் கேட்டா:

"கன்சல்டன்ட் எண்டா என்ன புள்ள? வேலை இல்லாம நிக்கிறதுக்கு இங்கிலீசுல சொல்ற பேரா?"

அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியது இரண்டு பேர். ஒருத்தி மசாஹிரா, என்னைப் போல மன்னாரில் இருந்து வந்தவள், ஆங்கிலமும் கணினியும் தெரிந்தவள். மற்றவள் ஸ்டெல்லா, எத்தாளைப் பக்கத்துக் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம், சிலாபத்து ஆட்களோடு பேசிப் பேசிச் சிங்களம் தண்ணீராக வரும். இரண்டு பேரும் என்னோடு அதே நிறுவனத்தில் இருந்து, என்னைப் போலவே கசந்து வெளியே வந்தவர்கள். கம்பனியாகப் பதிவு செய்ய எங்களுக்கு வசதி இல்லை. ஆளுக்கு ஆள் தனித் தொழில். சனிக்கிழமை காலையில் மட்டும் தில்லையடியில் மசாஹிராவின் முன்னறையில் கூடுவோம். யாருக்கு எந்த வேலை வந்தது, யார் யாரை ஏமாற்றப் பார்க்கிறார்கள், எந்த வேலையை எடுக்கக்கூடாது என்று கதைப்போம். அதிகாரிகளிடம் எப்படிக் கதைப்பது என்று ஒத்திகை பார்ப்போம். ஸ்டெல்லா பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்து, அதிகாரி ஆவாள்.

"நீங்க எந்த நிறுவனம்?"

"நான் தனியாச் செய்றன் சேர்."

"தனியாவா? அப்ப நாளைக்கு ஒரு பிழை வந்தா யார் பொறுப்பு?"

உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்த மசாஹிரா கத்தினாள்: "அல்லாஹ்வும் ஸ்டெல்லாவும் எண்டு சொல்லுடி!"

சிரித்து முடித்த பிறகு ஸ்டெல்லா சொன்னாள், அதுதான் சரியான பதில் என்று. தனியாள் என்பதால்தான் எங்களை நம்புவதில்லை. அப்படியானால் ஒவ்வோர் அறிக்கையிலும் இரண்டு பெயர் இருக்கட்டும். எழுதியவர் இன்னார், படித்துப் பார்த்தவர் இன்னார். அதிலிருந்து வந்தவைதான் நீ இப்போது பெருமையாகச் சொல்லும் விதிகள். படிப்பவள் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். எழுதியவள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் திருப்தி என்றால் பென்சிலால் எழுதியவளே தன் கையால் அதை அழிப்பாள், மற்றவள் அழிக்கக்கூடாது. வெளியாள் முன்னால் ஒருத்தி மற்றவளை விட்டுக்கொடுக்கக்கூடாது, அடிபிடி எல்லாம் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியைச் சொன்னது நான். மற்றதெல்லாம் ஸ்டெல்லாவின் மூளை. முறையைத் தந்தவர் உம்மா என்று நீ எழுதியதிலேயே முதல் பிழை அங்கே இருக்கிறது. நீ கேட்டபோது நான் திருத்தவில்லை.

அந்த இரண்டாவது பெயர் வேலை செய்தது. சின்னச் சின்ன வேலைகள் வந்தன. பிறகு ஓர் உதவி நிறுவனம் நேரடியாக என்னைக் கூப்பிட்டது. உப்பளப் பக்கத்துக் குடியேற்றத்தில் இருக்கும் சனங்கள் மன்னாருக்குத் திரும்பிப் போகப்போகிறார்களா, இங்கேயே இருக்கப்போகிறார்களா என்று கேட்டு எழுத வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அங்கே குழாய்த் தண்ணீர் போடுவதா இல்லையா என்று முடிவாகும். இதையும் எனக்குச் சொன்னார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எனக்குக் கொழும்புக்காரர் யாரும் தேவைப்படவில்லை. நான் வளர்ந்த இடம், என்னுடைய சனம். ஒரு கிழமை வீடு வீடாகப் போனேன். "ஊருக்குத் திரும்பிப் போவீங்களா?" என்று கேட்டேன். "போகாம? எங்கட மண்ணுல்லா" என்றார்கள். "ஓம்" என்றார்கள். ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொல்லவில்லை. நீ இங்கே பிறந்தவன், உனக்கு இது விளங்குவது கஷ்டம். விரட்டப்பட்டவனிடம் போய் ஊருக்குத் திரும்புவாயா என்று கேட்டால் அவன் வேறு என்ன சொல்வான்? இல்லை என்றால், விட்டுவிட்டு வந்த காணியை விட்டுக்கொடுத்தது போல. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களை மறந்தது போல. இல்லை என்று எழுதிக்கொண்டு போய் யாராவது மன்னாரில் உள்ள எங்கள் ஊர்ப் பதிவை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அந்த "ஓம்" ஒரு துஆ மாதிரி, ஒரு வேண்டுதல். அதை அப்படியே எடுத்து, பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட படிவத்தில் சரி அடையாளம் போட்டுக்கொண்டு வந்தேன். நானும் அதே ஓமைத்தான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தில்லையடியில் அலுமாரி வாங்கி, சுவருக்குப் பூச்சுப் பூசி, உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, யாராவது கேட்டால் போவோம் என்று சொல்கிறவள்தானே நானும்.

ஸ்டெல்லா ஒரே ஒரு நாள் என்னோடு வந்தாள். நான் முன்வாசலில் இருந்து கேள்வி கேட்டேன். அவளுக்கு அந்தச் சனங்களின் கதை தெரியாது. அதனால் கதையைக் கேட்காமல் வீடுகளுக்குப் பின்னால் நடந்து பார்த்தாள். சனிக்கிழமை அவளிடம் அறிக்கையைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை வந்தது. "பெரும்பான்மையோர் விரைவில் திரும்பிச் செல்ல விரும்புகின்றனர்; எனவே இங்கு நிரந்தர வசதிகள் அவசியமில்லை" என்று நான் எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரி எழுதியிருந்தாள். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

"ஏழு வீட்டுக்குப் பின்னால் புது அத்திவாரம் வெட்டியிருக்கு.
ஹாஜராக்கா புதுசா மலசலகூடம் கட்டுறா.
போறவங்க அத்திவாரம் போடுவாங்களா?
திரும்பப் போ. போவீங்களா எண்டு கேக்காத. எப்ப போவீங்க எண்டு கேள்."

எப்போது என்ற அந்த ஒரு கேள்வியில் என் அறிக்கை முழுதும் உடைந்துவிடும் என்று வாசித்த உடனே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது. இவளுக்கு எங்கள் சனத்தைப் பற்றி என்ன தெரியும்? கடற்கரையில் சொந்த வீட்டில் பிறந்து சொந்த வீட்டில் தூங்குகிறவள், ஊர் இழந்தவனின் ஆசையைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பதா? இதை நான் வாய்விட்டே சொன்னேன். சமையலறையில் சுவரைப் பார்த்துச் சொன்னேன். நம்முடைய ஆள் என்ற திமிரைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் உனக்குச் சொல்லித்தர மாட்டார்கள். கொழும்புக்காரனின் திமிரை எனக்குத் தூரத்திலிருந்தே மணக்கும். என்னுடையது எனக்கு மணக்கவில்லை.

அது மட்டும் என்றால் அறியாமை என்று மன்னிப்புக் கேட்கலாம். உதவி நிறுவனத்துக்காரர் முதல் நாள் ஃபோனில் மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார், முடிவு தெளிவாக வந்தால் நல்லது, திரும்பிப் போகிறவர்களுக்கான வேலைகள் நிறைய வரப்போகின்றன, எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் யோசிக்கிறோம் என்று. எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி "நல்லது சேர்" என்றேன். புதன்கிழமை மதியம் அறிக்கை போக வேண்டும். ஸ்டெல்லாவுக்கு ஒரு ஃபோன் எடுத்திருக்கலாம், இரண்டு நாள் தவணை கேட்டிருக்கலாம். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். உன் மேசையிலிருந்து அழிறப்பரை எடுத்து அந்த நான்கு வரியையும் அழித்தேன். பென்சிலை அழுத்தி எழுதுவாள், தடம் போகவில்லை. அந்தத் தாளை மட்டும் புதிதாக அச்செடுத்து மாற்றினேன். கடைசிப் பக்கத்தில் "படித்துப் பார்த்தவர்" என்ற இடத்தில் ஸ்டெல்லாவின் பெயரை விட்டுவைத்தேன். இரண்டு பெயர் இருந்தால்தானே மதிப்பு.

ஆறேழு மாதம் கழித்துப் பெரிய வீதியால் குழாய் வந்தது. குடியேற்றத்துக்குள் திரும்பும் முச்சந்தியைத் தாண்டி நேரே போய்விட்டது. கிணற்றில் உப்பு, பவுசர் வண்டி வந்தால் தண்ணீர், வராவிட்டால் இல்லை. பெண்கள் வெறும் குடங்களோடு அந்தத் திட்டத்தை நடத்திய அலுவலகத்துக்குப் போய் முற்றத்தில் இருந்துவிட்டார்கள். மறுநாள் அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேசையில் என் அறிக்கை விரித்தபடி கிடந்தது.

"இவங்க போகப்போறல்ல எண்டு கத்துறாங்க. நீங்க போகப்போறாங்க எண்டு எழுதியிருக்கீங்க. இதை யார் சரிபார்த்தது?"

ஸ்டெல்லா எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவள் எழுதிய வரிகள் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தன. நான் சொன்னேன்:

"ஸ்டெல்லாவும் படிச்சுப் பாத்தவ சேர். அவ ஒண்டும் சொல்லல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்தாள். அதிகாரி அவளிடம் கேட்டார், அப்படியா என்று. "என்ட பேர் இருக்குத்தானே சேர்" என்றாள் அவள். அவ்வளவுதான். அவர் அவளை ஏசினார். வெளிக்களம் தெரியாதவர்களைச் சரிபார்க்க வைக்க வேண்டாம் என்று எனக்கும் புத்தி சொன்னார். நான் தலையாட்டினேன்.

படியில் இறங்கும்போது கேட்டேன், வெட்கங்கெட்டவள், "ஏன்டி நீ ஒண்டும் கதைக்கல்ல?"

"வெளியாள் முன்னால ஒருத்திய ஒருத்தி விட்டுக்குடுக்கிறதில்ல எண்டு நீதானே சொன்னாய்" என்றாள். எத்தாளைப் பக்கம் போகும் கல்பிட்டி பஸ் நின்றது. ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இந்த ஊரில் ஆலோசகர் ஒருவருக்கு இருப்பதெல்லாம் பெயர்தான். ஸ்டெல்லா பார்த்த அறிக்கை பிழைத்துவிட்டது என்ற கதை அலுவலகம் அலுவலகமாகப் போனது. அவளுக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்கு, சொன்னபடியே, அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அந்த வேலைகளில்தான் நீ கம்பஸ் படிப்பு வரைக்கும் போனாய். மசாஹிரா கேட்டபோது ஸ்டெல்லாவுக்கு வீட்டுப் பிரச்சினை என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ, பிறகு கட்டாருக்குப் போய்விட்டாள். நீயும் ஒருநாள் கேட்டாய், "ஸ்டெல்லா அன்ரி ஏன் இப்ப வாறல்ல?" என்று. நான் சொன்னேன், அவங்களுக்குக் கல்பிட்டியில நிறைய வேலையாம் என்று. நீ இவ்வளவு காலமும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாய்.

அதன்பிறகு நான் பயிற்சி வகுப்பு நடத்தினேன், மகன். சிரிக்காதே. பெண்கள் தனித்துத் தொழில் செய்வது எப்படி, சக தொழிலாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்பது எப்படி என்று மண்டபங்களில் கதைத்தேன். பென்சில் கதையைச் சொன்னேன். பெண்கள் குறிப்பு எடுத்தார்கள். ஒருத்தியாவது எழுந்து, "இப்ப உங்கட அறிக்கைய யார் படிச்சுப் பாக்கிறாங்க?" என்று கேட்டிருந்தால் மேடையிலேயே விழுந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஸ்டெல்லா போன பிறகு என் அறிக்கைகளை யாரும் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஏதோ ஒரு பெயரைப் போட்டு அனுப்பினேன்.

உங்கள் மூன்று பேருக்கும் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கூட்டாளியின் துணை என்பது வேலை இல்லாத நாளில் தேத்தண்ணி ஊற்றித் தருவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது யாருக்கும் முடியும். உனக்கும் நீ மிகவும் ஆசைப்படும் வேலைக்கும் நடுவில் அவனுடைய பென்சில் வரி வந்து நிற்கும் ஒரு நாள் வரும், அன்றைக்குத்தான் அவன் உனக்குத் துணை. அன்றைக்கு அவன் உனக்கு எதிரி போலத் தெரிவான். அப்படித் தெரியாவிட்டால் அவன் சரியாக வாசிக்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, சமிந்த உன்னிடம் உங்கட ஆட்கள் சொல்வது இப்படி, ஆனால் செய்வது அப்படி என்று சொன்னால், இவனுக்கு என்ன தெரியும் என்று உன் வாய் தானாகத் திறக்கும். அந்த வாய் என்னிடமிருந்து வந்தது. மூடு. போய் வீட்டுக்குப் பின்னால் பார்.

உன் பிரசுரம் வந்த மூன்றாம் நாள் எத்தாளைக்கு பஸ் ஏறினேன். ஸ்டெல்லா இப்போது பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். சின்னக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் அடுக்கியதை நிறுத்தவில்லை. நானும் கூட நின்று அடுக்கினேன். பிறகு, நான் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போன மன்னிப்பை முழுதும் சொன்னேன். அழித்தது, புதுத் தாள் வைத்தது, எல்லாம். அவளுக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை.

"சொல்லி முடிச்சிட்டியா?" என்றாள்.

"ஓம்."

"நல்லது. உனக்கு இப்ப நெஞ்சு லேசாகி இருக்கும். எனக்கு ஒண்டுமில்ல, பிள்ளைகளோட இருக்கன். ஆனா என்னத்துக்கடி எனக்கிட்ட வந்தாய்? தண்ணி இல்லாமப் போனது எனக்கா?"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவளே ஞாபகப்படுத்தினாள்.

குடியேற்றத்துக்குப் போக எனக்கு இன்னும் ஐந்து நாள் ஆனது. ஹாஜரா மாமிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அத்திவாரம் வெட்டிய இடங்களில் எல்லாம் கல்வீடு நிற்கிறது. பவுசர் இன்னும் வருகிறது. மாமியின் மருமகள் நிஸ்மியாதான் பெண்கள் சங்கத்துத் தலைவி. அவள் நான்கைந்து பேரைக் கூப்பிட்டாள். நான் சொன்னேன். மாமி வழக்கம் போலச் சிரித்துவிட்டுச் சொன்னா, "நாங்களும் ஓம் எண்டு பொய்தானே சொன்னோம் புள்ள. உனக்கு மட்டும் என்ன." எனக்கு வேண்டிய மன்னிப்பு அதுதான். வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருப்பேன். நிஸ்மியா விடவில்லை.

"மாமி சும்மா இருங்க. நீங்க சொன்னது பொய்யில்ல, ஆசை. இந்த ராத்தா எழுதினதுதான் பொய்." அவள் ஒரு கோப்பை எடுத்து என் மடியில் வைத்தாள். அவர்கள் தண்ணீர் கேட்டுப் போட்ட கடிதங்களுக்கு வந்த பதில்கள். அதிகாரிகள் மாறியிருக்கிறார்கள், கையெழுத்துகள் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு பதிலிலும் ஒரே வசனம் இருந்தது: இக்குடியேற்றத்தினர் திரும்பிச் செல்ல விரும்புவதாக ஏற்கெனவே ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. உதவி நிறுவனம் எப்போதோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. என் பக்கம் மட்டும் அந்த அலுவலகத்து அலுமாரியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வோர் அதிகாரிக்கும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

"ராத்தா, எங்களுக்கிட்ட அழுதது போதும்" என்றாள் நிஸ்மியா. "இப்ப சொன்னத எழுதித் தாங்க. உங்கட பேர் போட்டு. நாங்க கொண்டுபோய்க் குடுக்கிறோம்."

எழுதினேன். அந்த ஆய்வின் முடிவு பிழை, அது பிழை என்று அனுப்பும்போதே எனக்குத் தெரியும், பிழை என்று எழுதிக் காட்டிய சக ஆலோசகரின் குறிப்பை நானே அழித்தேன், அவர்மீது பழி போட்டேன். ஸ்டெல்லாவின் முழுப் பெயரையும் எழுதினேன். என்னுடையதையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இன்று காலை நிஸ்மியா அதை எடுத்துக்கொண்டு போனாள். உன் விண்ணப்பம் கிடக்கும் அதே அலுவலகம், அநேகமாக அதே மேசை. நீ யாருடைய மகன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த வேலை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். இர்பானின் வீட்டில் என்ன சொல்வார்கள் என்றும் யோசித்தேன்.

உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். உன் தொழில், உன் கூட்டாளிகள். இன்னொருவர் தலையில் விழப்போவதை அவரிடம் கேட்காமல் செய்வது எனக்குப் பழகிப்போனது என்று நீ சொன்னால் அதுவும் உண்மைதான். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால், "கொஞ்சம் பொறுங்க உம்மா, எங்கட வேலை கைக்கு வரட்டும்" என்று சொல்வாய் என்று பயந்தேன். நீ அப்படிச் சொன்னால் நான் பொறுத்திருப்பேன். அதுதான் பெரிய பயம்.

உன் உம்மா